பாங்காக் அரண்மனை வாசலில் யாராவது "இன்னைக்கு மூடியிருக்கு" என்று சொன்னால்

பாங்காக்கில் ஒரு போலி நீலக்கல்லுக்கு நாங்கள் ஏமாந்து கொடுத்தது 38,000 பாட். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். அதைத் திரும்பக் கேட்டதற்கு வங்கியிலிருந்து நேற்று சாயங்காலம் வந்த பதிலைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாங்காக் போகப்போகிற தம்பதிகள், முக்கியமாக நெற்றியில் விபூதி குங்குமத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு எங்கள் பையன் டிக்கெட்டும் ஓட்டலும் போட்டுக் கொடுத்தான். பிரதுனாம் பக்கம் ஓட்டல். இறங்கி நடந்தால் இட்லி தோசை கிடைக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. ஊரைக் குறை சொல்ல மாட்டேன். சாவ் ப்ரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் 16 பாட்டுக்கு நகரத்தையே பார்த்துவிடலாம். தா தியன் படித்துறையிலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்குப் போக 5 பாட். வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரை, கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு என் வீட்டுக்காரர் இரண்டு தரம் நடந்து பார்த்தார். மாலையில் சீலோம் போய் மாரியம்மனைக் கும்பிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போய்க் குடியேறிய நம் தமிழர்கள் கட்டிய கோவில். நம் ஊர்க் கோபுரம், நம் ஊர் வாசனை, ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள், கையில் சாமந்தி மாலையும் இளநீருமாக. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அந்தக் கோவில்தான் மறுநாள் எங்களுக்கு எதிராக வேலை செய்தது.

காலை ஒன்பதரை இருக்கும். தா சாங் படித்துறையில் இறங்கி, அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்தோம். வாசல் இன்னும் கண்ணில் படவில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் ஆள் எதிரே வந்தார். வயது ஐம்பது சொல்லலாம். எதையும் விற்கவில்லை, கையில் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரரின் நெற்றியைப் பார்த்தார், கைகூப்பினார்.

"இந்தியாவா? சீலோம் மாரியம்மன் கோவிலுக்குப் போனீங்களா? நவராத்திரிக்கு வருஷா வருஷம் நான் போவேன், என் மனைவியும் வருவாள்" என்றார் ஆங்கிலத்தில். தெற்கா வடக்கா என்று கேட்டு, நாங்கள் தமிழ்நாடு என்றதும் இன்னொரு தரம் கைகூப்பினார். நவராத்திரியில் அந்தக் கோவில் தெருவே தாய்லாந்து மக்களால் நிரம்பி வழியும் என்பது உண்மைதான். முதலில் ஒரு நிஜத்தைச் சொல்லிவிட்டார் பாருங்கள், அங்கேதான் நம்பிக்கை பிடித்தது. மாரியம்மன் பெயரைச் சொல்லி ஒருத்தன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் வந்தது விஷயம். இன்றைக்கு அரண்மனையில் அரச குடும்பத்துப் பூஜை, காலையில் உள்ளூர் மக்களுக்கு மட்டும், வெளிநாட்டவரை மதியம் ஒரு மணிக்கு மேல்தான் விடுவார்கள். வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், அதற்குள் நிற்கும் புத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். இன்னொரு சின்னக் கோவில், அது இன்றைக்கு மட்டும்தான் திறந்திருக்குமாம். அதற்கும் ஒரு வட்டம். மூன்றாவது வட்டத்தைப் போட்டபோது, "அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை நடத்துகிற கல் விற்பனை, இன்றைக்குக் கடைசி நாள், பார்த்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை" என்று ரொம்ப அலட்சியமாகச் சொன்னார். கூப்பிட்டதும் வந்து நிற்பதற்கு ஒரு டுக்-டுக், அந்த ஊர் ஆட்டோ. மொத்தச் சுற்றுக்கும் 40 பாட் என்று அவரே பேரம் பேசி ஏற்றிவிட்டார். நாங்கள் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "நீங்கள் விருந்தாளி" என்றார்.

வாட் இந்தரவிஹானில் 32 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் புத்தர் நிஜமாகவே அழகு. அந்தக் கோவில் மீது ஒரு குற்றமும் இல்லை, இந்தக் கும்பல் எல்லோரையும் அந்தப் பக்கமாகத்தான் ஓட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கோவிலில் ஆளே இல்லை. கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் மட்டும் கண்மூடி உட்கார்ந்திருந்தான். நாங்கள் கும்பிட்டு எழுந்ததும் அவனாகப் பேச்சுக் கொடுத்தான். சிங்கப்பூரில் வேலையாம், அம்மாவைப் பார்க்க வந்தானாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான், அரண்மனைப் பக்கம் ஒருவர் ஏதோ கல் விற்பனை என்றார் என்று இவர் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "இன்னுமா முடியவில்லை? போன வருஷம் நானே வாங்கினேன், சிங்கப்பூரில் இரண்டு மடங்குக்குக் கொடுத்தேன்" என்றான். கடைக்காரன் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம், டுக்-டுக்காரர் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். சாமி முன்னால் உட்கார்ந்திருந்த, எங்களிடம் ஒரு பாட் எதிர்பார்க்காத ஒருத்தன் சொன்னான். முதல் ஆளுக்கும் இவனுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எப்படித் தெரியும்? இவர்கள் நாடகத்தில் ஆளுக்கு ஒரு வசனம், எல்லாம் ஒத்திகை பார்த்தது.

கடை பெரிய நகைக் கடை. கண்ணாடிக் கதவு, குளிர்பதனம், வாசலில் வணங்கி நிற்கும் காவலாளி. ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். பின்புறம் ஒரு பட்டறை மாதிரி அமைத்து, நாலைந்து பேர் கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பனைப் பெண் இவர் ராசியைக் கேட்டாள். ஆமாம், ராசியைத்தான். கும்பம் என்றதும், "ஷனி, ஷனி" என்று நீலக்கல் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். இவருக்கு ஏழரை நடக்கிறது, நீலம் போட்டுப் பார்க்கலாம் என்று ஊரில் ஜோசியரும் சொல்லியிருந்தார். லாபத்துக்கு விற்கிற எண்ணம் எங்களுக்கு எந்தக் காலத்திலும் இல்லை, கல்யாண நாளுக்கு மோதிரம் செய்யலாம் என்றுதான் பார்த்தோம். கல்லால் கண்ணாடியில் கீறிக் காட்டினாள். பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்தாள், முள் சரியான இடத்தில் போய் நின்றது. சான்றிதழ் கொடுத்தாள்.

"என்னம்மா சொல்றே?" என்று இவர் கேட்டார். "உங்களுக்குப் பிடிச்சா வாங்குங்க" என்றேன். கிரெடிட் கார்டில் 38,000 பாட். அதற்கு மேல் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் 3.5 சதவீதம், அந்தச் சதவீதத்துக்கு ஜிஎஸ்டி. கல்லைப் பெட்டியில் வைத்து ஸ்டிக்கர் ஒட்டி, பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். சனி பகவான் மோதிரத்தில் வருவார் என்று பார்த்தால் டுக்-டுக்கில் வந்துவிட்டார்.

ஒரு மணிக்கு அரண்மனை வாசலுக்கு வந்தோம். காலையிலிருந்தே கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. பலகையில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்: தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை, வெளியாட்கள் பேச்சை நம்பாதீர்கள். இதே எச்சரிக்கை ஒலிபெருக்கியிலும் ஓடுகிறது. அதெல்லாம் வாசலில். ஏமாற்றுகிறவன் நிற்பது அதற்கு முந்தைய திருப்பத்தில். தலைக்கு 500 பாட் கொடுத்து உள்ளே போனோம். மரகத புத்தர் கோவில் பிராகாரம் முழுக்க ராமாயணம், 178 ஓவியங்கள். எதுவும் கண்ணில் ஏறவில்லை. "மூடியிருக்குன்னு சொன்னது பொய்னா, கல்லு?" என்று இவர் கேட்டார். டாக்சி பிடித்து நேரே கடைக்கு ஓடினோம்.

காலையில் வணங்கிய காவலாளி இப்போது ரசீதைக் கேட்டான். அந்தப் பெண் இல்லையாம். மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறாராம். வெகுநேரம் கழித்து வந்தவர் சிரித்துக்கொண்டே, "அரண்மனை வாசலில் யாரோ பேசியதற்கு நாங்கள் என்ன செய்வோம்? நாங்கள் யாரையும் அனுப்பவில்லை" என்றார். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்: பணம் திரும்பத் தரப்படாது, வேறு கல்லாக மாற்றிக்கொள்ளலாம். வேறு கல் எதற்கு? அதுவும் இதே கடைக் கல்தானே!

1155, சுற்றுலாப் போலீஸ் எண். கூப்பிட்டோம். ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டார்கள். கல் போலி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற அவர்கள் கேள்வி நியாயமான கேள்வி, எங்களிடம்தான் அதற்குச் சான்று இல்லை. விடியற்காலை விமானம். ரத்தினங்களைச் சோதித்துச் சான்று தரும் தாய்லாந்தின் ரத்தின, நகை நிறுவனம் சீலோமிலேயே இருக்கிறது, அது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் திருச்சிக்காரர்கள். தலைமுறை தலைமுறையாகச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற ஊர். பெரிய கடை வீதியில் தெரிந்த கல் வியாபாரியிடம் கொண்டுபோனோம். லென்சை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார், இவரையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வளைவு வளைவாக மெல்லிய கோடுகள், ஓரத்தில் பொடிக் குமிழ்கள். இயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் நேராகப் போகுமாம், இப்படி வளையாதாம். அலுமினாப் பொடியைத் தீச்சுவாலையில் உருக்கிச் செய்கிற கல், நூறு வருஷத்துக்கு மேலாக உலகமெங்கும் செய்கிறார்கள், சில நூறு ரூபாய் பெறும் என்றார். அப்படியானால் அந்தக் கருவி? "அது பொய் சொல்லலைம்மா. ரெண்டும் ஒரே சரக்கு, ஒரே கடினம். மண்ணில் விளைஞ்சதா உலையில் விளைஞ்சதான்னு அந்த முள்ளுக்குத் தெரியாது." கண்ணாடியில் கீறிக் காட்டியதற்கும் அதே பதில்தான்.

கடைக்கு மின்னஞ்சல் போட்டோம். அன்புள்ள வாடிக்கையாளரே, மேலாளர் விடுப்பில் இருக்கிறார். அன்புள்ள வாடிக்கையாளரே, கல்லோடும் அசல் ரசீதோடும் நேரில் வரவும். அன்புள்ள வாடிக்கையாளரே, சான்றிதழில் 'ப்ளூ சஃபையர்' என்றுதான் போட்டிருக்கிறோம், இயற்கைக் கல் என்று எங்கும் எழுதவில்லையே. கடைசி மின்னஞ்சலில் அன்பும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. பெட்டியின் ஸ்டிக்கர் பிரிக்கப்பட்டதால் உத்தரவாதம் முடிந்தது என்று ஒரே வரி. பிரிக்காமல் எப்படி ஐயா சோதிப்பது?

வங்கி இதைவிட மோசம். முதலில் பேசிய பெண், புகார் பதிவாகிவிட்டது, பணம் வந்துவிடும் என்கிற மாதிரி பேசினாள். அடுத்து பேசியவர், நீங்களே பின் நம்பர் போட்டிருக்கிறீர்கள், இது மோசடிக் கணக்கில் வராது, சரக்குத் தகராறு என்றார். சரி, சரக்குத் தகராறாகவே எடுங்கள் என்றோம். சரக்கைத் திருப்பிக் கொடுத்ததற்கு வியாபாரியிடம் கடிதம் வேண்டுமாம். திருடனிடம் போய்க் கையெழுத்து வாங்கி வா என்கிறார்கள். நேற்று வந்த பதில்: கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. எங்கள் 38,000 பாட்டை இரண்டே வரியில் முடித்துவைத்துவிட்டார்கள்.

"யூட்யூப்ல தேடினா ஆயிரம் வீடியோ இருக்கேம்மா" என்கிறான் பையன். இருக்கட்டும். மாரியம்மன் பெயரைச் சொல்லி வருவான் என்று அதில் எந்த வீடியோவில் இருக்கிறது?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. வேகமாகச் சில மட்டும். அரண்மனை மூடியிருக்கிறது என்று தெருவில் எவன் சொன்னாலும், கழுத்தில் எந்த அட்டை தொங்கினாலும், பதில் பேசாமல் நேரே வாசல் வரை நடங்கள். நிஜமாகவே ஏதாவது விழா என்றால் வாசலில் இருப்பவர்கள் சொல்வார்கள். 20 பாட், 40 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்கிற டுக்-டுக்கில் ஏறாதீர்கள். கடையில் ஆளை இறக்கிவிட்டால் அவர்களுக்குப் பெட்ரோல் கூப்பன், மீதியைக் கட்டுவது நாம்தான். அரசாங்கக் கல் விற்பனை, கடைசி நாள், ஊரில் இரண்டு மடங்கு, இந்த மூன்றில் எது காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். தையல் கடைக்கும் இதே ஆட்கள்தான் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். ஏமாந்தது தெரிந்தால் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் 1155. கல்லை அங்கேயே சோதித்துச் சான்றிதழ் வாங்குங்கள், ஊருக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது.

வங்கி கைவிரித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். ரசீது, சான்றிதழ், பெரிய கடை வீதிக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம், அந்த அன்புள்ள வாடிக்கையாளர் மின்னஞ்சல்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் எடுக்க இவர் கடைக்குப் போயிருக்கிறார். இன்று ராத்திரிக்குள் அனுப்பிவிடுவோம்.