ஈத்தியேல் என்ற பெயரின் பொருள் தேட செஃபாரியா எப்படி?

எபிரேய ஆண் பெயர்களில் ஈத்தியேல் அரிது. வேதாகமத்தில் இரண்டே இடங்களில் வருகிறது: நெகேமியா 11:7-இல் பென்யமீன் கோத்திரத்து முன்னோர் ஒருவராக, நீதிமொழிகள் 30:1-இல் ஆகூர் என்பவரின் உபதேசத்தைக் கேட்பவராக. குழந்தைப் பெயர்த் தளங்கள் 'தேவன் என்னோடு' என்று ஒரே வரியில் முடித்துவிடும். செஃபாரியா யூத நூல்களின் இலவச இணைய நூலகம். அங்கே மூலத்தையே பார்க்கலாம், இதற்கு அதுதான் சரியான இடம்.

நீதிமொழிகள் 30:1-ஐத் திறந்து, எபிரேயச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் அகராதி விரியும். வசனத்தைத் தொட்டால் உரைகள் வரும். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரையைத் தவறவிடாதீர்கள்: இதைச் சாலொமோனோடு இணைத்து, 'தேவன் என்னோடு இருக்கிறார், என்னால் முடியும்' என்று அவன் தன் ஞானத்தை நம்பியதாக விளக்குகிறார்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று. வசனத்தில் பெயருக்கு முன் 'லாமெத்' என்ற எபிரேய எழுத்து ஒட்டியிருக்கிறது. அது 'க்கு' என்ற வேற்றுமை, பெயரின் பகுதி அல்ல. அதே எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்தால் 'தேவனே, நான் களைத்துப்போனேன்' என்றாகும். சில நவீன மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் தருகின்றன. இன்னொரு சிக்கல், 'என்னோடு' என்னும் 'இத்தி'யில் வழக்கமாக 'யோத்' எழுத்து ஒன்றுதான். பெயரிலோ முதலெழுத்துக்குப் பின் கூடுதலாக ஒன்று. அதனால் வழக்கமான பொருளை அறுதியாகச் சொல்லக் கூடாது.

குறை: தளம் எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும்தான் இயங்குகிறது. எபிரேய எழுத்துகளையாவது முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வசன எண்ணை வைத்து ஒப்பிடலாம்.