ரெண்டு 'ஹவுஸ்மெய்ட்': 1960 படமா, 2010 படமா?

போன வாரம் அக்காவும் மாமாவும் வந்திருந்தாங்க. சாப்பிட்டு முடிச்சதும் அக்கா, "ஒரு கொரியன் த்ரில்லர் போடுடா, ஆனா கோடாலி எடுத்துட்டு ஓடறது, கார் சேஸ் இதெல்லாம் வேணாம், ஒரு வீட்டுக்குள்ளயே நடக்கற கதையா இருக்கட்டும்"னா. எனக்கு ஒடனே தோணுனது 'தி ஹவுஸ்மெய்ட்'தான். அதுல ரெண்டு இருக்கு, 1960-ல கிம் கி-யோங் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒண்ணு, அதையே 2010-ல இம் சாங்-சூ கலர்ல எடுத்தது இன்னொண்ணு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு பழசத்தான் போட்டேன். மொதல் பத்து நிமிஷம் மாமா, "என்ன மாப்ள, பழைய படமா?"ன்னு கேட்டுட்டு இருந்தாரு, அப்பறம் கடைசி வரைக்கும் போனையே எடுக்கல.

எத மொதல்ல பாக்கறதுன்னு குழப்பம் இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். கதையோட முக்கியமான எடங்களச் சொல்லாம ஒப்பிட முடியாது, அதனால தெரிஞ்சுக்காமப் பாக்கணும்னு நினைக்கறவங்க படத்தப் பாத்துட்டு வந்து படிங்க.

வெளிப்படையாத் தெரியற வித்தியாசங்கள மொதல்ல சொல்லிடறேன். 2010 படம் பளபளன்னு இருக்கும், மார்பிள் தரை, ஒயின், ஆளுயர ஜன்னல். நடிச்சவங்கள நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 'ஸ்க்விட் கேம்' லீ ஜங்-ஜேதான் வீட்டுக்காரன், 2007-ல கான்ஸ் திரைப்பட விழால சிறந்த நடிகை விருது வாங்குன ஜியோன் டோ-யியோன்தான் வேலைக்காரப் பொண்ணு. படுக்கையறைக் காட்சிகள் கொஞ்சம் அதிகம், குடும்பத்தோட உக்காந்து பாக்க சங்கடமா இருக்கும். 1960 படம் கொரியன் ஃபிலிம் ஆர்க்கைவோட யூடியூப் சேனல்ல இங்கிலீஷ் சப்டைட்டிலோட இலவசமாவே இருக்கு. அவ்ளோதான், மத்ததெல்லாம் கதைக்குள்ள.

பழைய படத்துல நாயகன் ஒரு நெசவு ஃபேக்டரில வேல பாக்கற பொண்ணுங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்ற வாத்தியார். பெரிய சம்பளம் இல்ல. அவன் மனைவி ராப்பகலா தையல் மெஷின்ல உக்காந்து தைக்கறா, எதுக்குன்னா ரெண்டு மாடி வீடு கட்டணும். ரெண்டு புள்ளைங்க, பெரிய பொண்ணு ஊன்றுகோல் வெச்சு நடக்கறவ, மூணாவது வயித்துல. தைச்சுத் தைச்சு ஒடம்பு போயி மயங்கி விழறா, அதனாலதான் வேலைக்கு ஒரு பொண்ண வெக்கறாங்க. அதாவது வேலைக்காரி அந்த வீட்டுக்குள்ள வர்றதுக்குக் காரணமே அந்த வீடுதான். கொரியப் போர் ஓஞ்சது 1953-ல, அதுலேந்து ஏழு வருஷத்துல எடுத்த படம் இது, சொந்தமா மாடி வீடு, மாடில ஒரு பியானோங்கறது அன்னிக்கு அந்த ஊர்ல ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு எவ்ளோ பெரிய கனவுன்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப நான் இந்தப் படத்தத் தேர்ந்தெடுத்ததுக்கான காரணத்துக்கு வர்றேன். வீட்டுக்குள்ளயே நடக்கற எந்த த்ரில்லர் பாத்தாலும் எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிட்டே இருக்கும், 'இவங்க ஏன் கதவத் தொறந்து அவள வெளிய அனுப்பல?' இதுக்கு சரியான பதில் இல்லன்னா படம் எவ்ளோ நல்லா எடுத்திருந்தாலும் எனக்குப் பாதிலயே விட்டுப்போயிடும். பேய் கதவப் பூட்டிடுச்சு, மழை வெள்ளத்துல ரோடு போயிடுச்சு, போன்ல சிக்னல் இல்லன்னு ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க. 1960 படத்துல அப்டி எதுவும் கிடையாது. கதவு தொறந்தேதான் இருக்கு. ஆனா அந்த வேலைக்காரியத் தொரத்துனா அவ நேரா ஃபேக்டரிக்குப் போயி வாத்தியாருக்கும் தனக்கும் நடுவுல நடந்ததச் சொல்லிடுவா, சொன்னா வாத்தியார் வேல போயிடும், வேல போனா வீடு போயிடும். பூட்டு வெளில இல்ல, அந்தக் குடும்பத்தோட மனசுக்குள்ள இருக்கு.

இந்த ஒரு முடிச்ச வெச்சுகிட்டு கிம் கி-யோங் எவ்ளோ தூரம் போறாருன்னு பாருங்க. புருஷனால வேலைக்காரி கர்ப்பமாயிட்டான்னு மனைவிக்குத் தெரிய வருது. அவ கத்தல, அழுது ஊரக் கூட்டல, அந்தப் பொண்ணுகிட்ட நிதானமாப் பேசி மாடிப்படிலேந்து தன்னத்தானே உருட்டிக்க வெச்சு கருவக் கலைக்க வெக்கறா. அதுக்கப்பறம் வேலைக்காரி பழிவாங்க ஆரம்பிக்கறா, அந்த வீட்டுப் பையனே செத்துப் போறான். (அந்தச் சின்னப் பையனா நடிச்சவர்தான் பின்னாடி கொரியாவோட பெரிய நடிகரான ஆன் சுங்-கி.) பெத்த புள்ள செத்துக் கெடக்கு, அப்பக்கூட போலீஸுக்குப் போகமாட்டேங்கறாங்க. போனா எல்லாம் வெளில வந்துடும். கடைசில மனைவியே தன் புருஷன மாடில இருக்கற வேலைக்காரி ரூமுக்கு அனுப்பி வெக்கற நெலம வருது. இந்த எடத்துல அக்கா என் கையப் புடிச்சுகிட்டா, "ஐயோ, வீட்டுக்காகவா இவ்ளோவும்?"னு கேட்டா. வீட்டுக்காகத்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விட்டுக் குடுத்தா மிச்சத்தக் காப்பாத்திடலாம்னு நினைச்சு நினைச்சு, காப்பாத்த வேண்டியது எதுவோ அதையெல்லாம் குடுத்துட்டு செங்கல்ல மட்டும் இறுக்கிப் புடிச்சுட்டு இருக்காங்க.

பேராசைன்னா கோடிக்கணக்குல சொத்து, உயில்ல கையெழுத்து, அண்ணன் தம்பி வெட்டிக்கறதுன்னுதான் நாம பாத்துப் பழகியிருக்கோம். இங்க இருக்கறது அப்டி இல்ல. பாத்தா நியாயமாவே தெரியற ஆசை, புள்ளைங்க நல்லா இருக்கணும், சொந்தக் கூரை வேணும். அதனாலதான் அந்த அம்மாவ என்னால முழுசா வெறுக்க முடியல, அதனாலதான் பயமாவும் இருக்கு.

பாதிக்கு மேல படம் அந்த வீட்டுக்குள்ளயேதான். ஒரு மாடிப்படி, மாடில பியானோ ரூம், பக்கத்துல வேலைக்காரி ரூம், ரெண்டுக்கும் நடுவுல கண்ணாடிக் கதவு வெச்ச ஒரு நடை, கீழ சமையலறை, அலமாரில எலி மருந்து. இவ்ளோதான் சாமான். அந்த எலி மருந்து பாட்டில அவர் எத்தன தடவ நம்ம கண்ணு முன்னாடி கொண்டாந்து வெக்கறாருன்னு எண்ணிப் பாருங்க, ஒரு தம்ளர் தண்ணியக் குடிக்கறதையே நெஞ்சு பதற பாக்க வெச்சுடறாரு. காசு செலவழிச்சு வர்ற பயம் இல்ல இது, யாரு எங்க நிக்கறாங்க, யாரு மேல, யாரு கீழங்கறதுலயே வர்ற பயம். 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோ கிம் கி-யோங்கப் பத்தி அவ்ளோ மரியாதையாப் பேசறது ஏன்னு அந்த மாடிப்படியப் பாத்தாலே புரியும்.

2010 படத்துக்கு வர்றேன். இத நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன், பழசப் பாத்தது மூணு தடவ, அதனால என் தராசு கொஞ்சம் சாஞ்சிருக்கும்னு மொதல்லயே சொல்லிடறேன். இதுல குடும்பம் ஏற்கனவே பெரும் பணக்காரக் குடும்பம். வீட்டுக்காரன் மனைவி இரட்டைக் குழந்தைகளச் சுமந்துட்டு இருக்கா, அவளுக்கு ஒத்தாசையா, மூத்த பொண்ணப் பாத்துக்க வேலைக்காரப் பொண்ணு வர்றா. அப்பறம் நடக்கறது தெரிஞ்சதுதான். ஆனா நான் சொன்ன கேள்விய இங்க கேட்டுப் பாருங்க. இவங்க அவள எப்ப வேணா அனுப்பிடலாம். பணம் இருக்கு, செல்வாக்கு இருக்கு, அவ வெளில போயி என்ன சொன்னாலும் யாரும் நம்பப் போறதில்ல. பணத்த நீட்டியும் பாக்கறாங்க. வீட்டுக்காரனோட மாமியார்க்காரி ஏணியத் தட்டிவிட்டு அவள மேலேந்து விழ வெக்கறா. கொடூரமான ஆளுங்கதான், ஆனா பயப்படற ஆளுங்க இல்ல. என்ன நடந்தாலும் எதையும் இழக்கப் போறதில்லாத குடும்பத்தப் பாத்து எனக்குக் கோவம் வந்துச்சு, படபடப்பு வரல. முடிச்சு இல்லாததால கடைசில அந்தப் பொண்ணு எடுக்கற பயங்கரமான முடிவு மேலயே மொத்தப் பாரமும் போயி விழுது.

ஆனா அதுல ரெண்டு விஷயம் நெஜமாவே ஒசத்தி. ஒண்ணு, அந்த மாமியார் தன் பொண்ணுக்குச் சொல்ற புத்தி, பொறுத்துக்கோ, பொறுத்தா ராணி மாதிரி வாழலாம்ங்கற மாதிரி. ஆசைய அம்மா பொண்ணுக்குக் கை மாத்திக் குடுக்கற அந்த எடம் பழசுல இல்ல. இன்னொண்ணு யூன் யூ-ஜுங். அந்த வீட்ல பல வருஷமா வேல பாக்கற மூத்த பணிப்பெண்ணா வர்றாங்க, மகன் அரசு வக்கீல் ஆயிட்டான், இருந்தும் இவங்க இன்னும் எச்சித் தட்டு எடுத்துட்டு இருக்காங்க, எல்லாத்தையும் பாத்து எல்லாத்தையும் முழுங்குன மொகம். இவங்க சினிமாவுக்கே வந்தது கிம் கி-யோங் மூலமாத்தான், 1971-ல இதே கதைய அவரே திரும்ப எடுத்த 'வுமன் ஆஃப் ஃபயர்' படத்துல. 2021-ல 'மினாரி'க்கு ஆஸ்கர் வாங்குனப்ப மேடைல அவர் பேரச் சொல்லித்தான் நன்றி சொன்னாங்க. அந்த மொகத்துக்காகவே 2010 படத்த ஒரு தடவ பாக்கலாம்.

அக்கா ஒரு குறை சொன்னா, அதையும் சொல்லணும். "பழசுல அந்த வேலைக்காரப் பொண்ண ஒரு பிசாசு மாதிரிக் காட்டிட்டாங்க, அவளும் ஏமாந்தவதானே?"ன்னா. சரிதான். கிராமத்துலேந்து பொழைக்க வந்த பொண்ணுங்க அந்தக் காலத்து சியோல்ல பட்ட பாடு என்ன, அவளுக்குன்னு யாரு இருந்தாங்கன்னு படம் நின்னு கேக்கல. 2010 படம் கேக்குது, ஜியோன் டோ-யியோனோட கள்ளமில்லாத சிரிப்புலயே கேட்டுடுது. அந்தப் பக்கம் நின்னு கதையப் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்குப் புதுசுதான் சரி. பழைய படத்தோட கடைசி நிமிஷமும் எல்லாருக்கும் ஒத்து வராது, எல்லாம் முடிஞ்சப்பறம் வாத்தியார் நேரா கேமராவப் பாத்து சிரிச்சுகிட்டே நம்மகிட்ட பேச ஆரம்பிச்சுடுவாரு, மாமா அதுல கொஞ்சம் கடுப்பாயிட்டாரு. எனக்கு அந்தச் சிரிப்புதான் படத்துலயே ரொம்ப பயமா இருந்த எடம்.

இன்னொரு விஷயம், நடுவுல படம் திடீர்னு மங்கலாயிட்டா உங்க நெட்டத் திட்டாதீங்க. ரொம்ப வருஷம் இந்தப் படத்தோட ரெண்டு ரீல் காணாமப் போயிருந்துச்சு. 1990-ல கெடைச்ச பிரிண்ட்ல அந்த ரெண்டும் இருந்துச்சு, ஆனா படத்து மேலயே கையால எழுதுன இங்கிலீஷ் சப்டைட்டில் பெருசு பெருசா. ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி பழைய படங்களக் காப்பாத்த ஆரம்பிச்ச வேர்ல்ட் சினிமா ஃபவுண்டேஷன் ஒதவியோட 2008-ல அந்த எழுத்தையெல்லாம் ஃப்ரேம் ஃப்ரேமா அழிச்சு சரி பண்ணியிருக்காங்க. மங்கலா வர்றது அந்த ரீலுங்கதான்.

பழசப் பாக்கறவங்க முடிஞ்சா ராத்திரி ஹெட்போன் போட்டுப் பாருங்க. அந்த மனைவி தைக்கற சத்தம், மாடில பியானோ சத்தம், ரெண்டும் எப்பெப்ப கேக்குது, எப்ப நிக்குதுன்னு கவனிங்க. அக்கா ஊருக்குப் போயும் ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி அந்தத் தையல் மெஷினப் பத்தித்தான் பேசுனா.