கோயில் பிறேமில் முகம் பார்க்கலாமா?

மட்டக்களப்பு கல்லடி வீட்டு ஹோலுக்கு ஆளுயரம் இல்லாவிட்டாலும் ஓரளவு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வேண்டும் என்றேன். மாமி பரணிலிருந்து பழைய பிறேம் ஒன்றை இறக்கினார். மூன்றடிக்கு இரண்டடி, நான்கு மூலையிலும் இலைச் செதுக்கு, மேலெல்லாம் பொன். ஒரு காலத்தில் கோயிலில் சிலுவைப்பாதைப் படம் ஒன்று இதற்குள் இருந்ததாம். 1978 சூறாவளியில் படம் நனைந்து நாசமாக, பிறேம் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கிறது.

"இதுக்குள்ள கண்ணாடியைப் போட்டாச் சரிதானே மருமகன்?"

சரிதானா என்று பார்க்க இரண்டு கிழமை அலைந்தேன். போட்டியில் மூன்று: இந்தப் பழசு, தச்சர் செய்து தரும் தேக்கு, கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தரும் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பாரம் இல்லை, கறையான் தொடாது, அரை மணியில் கையில் கிடைக்கும். ஆனால் மூலையில் சரிவாக வெட்டி ஒட்டும் இடத்தில் பூ பாதியில் அறுந்து நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டால் அப்புறம் அதுதான் தெரியும். குளியலறைக்குப் போதும்.

பழசுதான் என்னை இழுத்தது. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. பொன் தாளை ஒன்றின் ஓரத்தில் ஒன்று ஏற்றி ஒட்டிய அடையாளம் அது. பெயின்ற் என்றால் கோடு இராது. இலைகளின் மேடான நுனி தேய்ந்து சிவப்பு தெரிந்தது. மரத்தின் மேல் விலங்குப் பசையில் குழைத்த சுண்ணப்பொடி, அதன் மேல் செம்மண், அதன் மேல் பொன் தாள். தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அடியில் இருக்கும் பசை தண்ணீரில் கரையும். ஒவ்வொரு நத்தாருக்கும் ஈரத்துணியால் துடைத்து வந்த மாமியின் பக்தியில் கீழ்ச்சட்டம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் மரம் ஊதும், கச்சான் என்னும் வறண்ட காற்றில் சுருங்கும். சுண்ணப்பூச்சு அதனோடு சேர்ந்து அசையாது, வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அதோடு பாரம் வேறு. நாலு மில்லிமீற்றர்க் கண்ணாடி சதுர மீற்றருக்கு 10 கிலோ, இந்த அளவுக்கு ஐந்தரைக் கிலோ வரும். பசை காய்ந்த பழைய மூலைகள் அதைத் தாங்குமா? 'தங்கப் பெயின்ற் அடித்தால் புதுசு மாதிரி இருக்கும்' என்று ஒரு நண்பர் சொன்னார். பெரும்பாலும் அது பித்தளைப் பொடி. சில வருடத்தில் பழுப்பேறும், கீழே இருக்கும் நிஜப் பொன்னும் போச்சு.

சட்டத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. வழிபாட்டுக்கென மந்திரித்த பொருள் தனியார் கையில் இருந்தாலும் சாதாரணப் பாவனைக்கு எடுக்கக்கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1171ஆம் பிரிவில். மந்திரித்தது படத்தையா பிறேமையா என்று நான் வாதாடலாம். அதைவிடப் பங்குச் சுவாமியிடம் கேட்பது சுலபம். பழஞ்சாமான் கடையில் வாங்குபவர்கள், எந்தக் கோயிலிலிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

மிச்சம் தேக்கு. மட்டக்களப்பில் தச்சு வேலைக்குப் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் பேர் போனவர்கள். அப்படியொரு குடும்பத்துத் தச்சரிடம்தான் போனேன். மாமியின் பிறேமைத் திருப்பி விரலால் தட்டிப் பார்த்தார். "இது லேசான மரம் தம்பி, முகம் மட்டும்தான் பொன்." தேக்கில் மூலைகளைப் பொருத்து வெட்டிச் சேர்த்தால் ஐந்தரைக் கிலோ ஒரு பாரமே இல்லை. செதுக்கு அவ்வளவு நுணுக்கமாக வராது என்பதை அவரே ஒத்துக்கொண்டார். மினுக்கத்துக்குப் பித்தளைத் தாள் ஒட்டலாம், ஆனால் அதில் செம்பு இருப்பதால் உப்புக்காற்றில் பச்சையும் கறுப்பும் ஏறும். மேலே வார்னிஷ் கட்டாயம். நான் தாளே வேண்டாம், மரநிறமே போதும் என்றேன்.

எந்தப் பிறேம் என்றாலும் கண்ணாடியின் முதுகைக் கவனியுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசை, முதுகில் பூசிய ரசத்தை அரிக்கும். சுவரோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டால் ஓரம் கறுப்பது தள்ளிப்போகும்.

தச்சர் பிறேமைத் திருப்பித் தரும்போது பின்பக்கத்தில் ரோம எழுத்தில் ஆறு என்று செதுக்கியிருப்பதைக் காட்டினார். சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலம், வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்க, துணியில் அந்த முகம் பதிந்த இடம். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன்.

"அதுக்குள்ள பார்த்தா நான் பவுடர் பூசிறது?" என்று வாங்கிக்கொண்டுபோய்ச் சுவாமி அறையில் வைத்துவிட்டார். துணியால் சுற்றித்தான். காய்ந்த துணி.