சர்க்கரை ஆலைக்கென்று கட்டி வாங்கிய தீயணைப்பு வண்டி: பம்புக்கு முழு மார்க், லாக்கருக்கு ஃபெயில்

சர்க்கரை ஆலை ஒன்றின் ஃபயர் செக்‌ஷனில் பம்ப் ஆபரேட்டர் வேலை எனக்கு. பழைய வண்டியை உதவாதென்று கழித்த பிறகு, எங்கள் ஆலைக்கென்றே புதிதாக ஒன்று கட்டி வாங்கினோம். ஒரு அரவைப் பருவம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பாடி கட்டிய கம்பெனியின் பெயரை எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்லப் போகிறேன், பாக்கிப் பணம் வேறு கொடுக்க வேண்டியிருக்கிறது.

ரெடிமேட் வண்டியே வாங்கியிருக்கலாமே என்று பர்ச்சேஸ் செக்‌ஷனில் கேட்டார்கள். ஐ.எஸ். 950 என்ற இந்தியத் தரப்படி கட்டிய வாட்டர் டெண்டர், அதாவது தண்ணீர் டேங்கோடு வரும் தீயணைப்பு வண்டி, ஊரின் பொதுவான வேலைக்கு நல்ல வண்டிதான். ஆனால் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு சர்க்கரை ஆலை வெறும் சர்க்கரை ஆலையாக இல்லை. ஒரு பக்கம் மலை மாதிரி கரும்புச் சக்கைக் குவியல், இன்னொரு பக்கம் எத்தனால் காய்ச்சும் டிஸ்டில்லரியின் டேங்குகள். சக்கைத் தீ உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வழிந்து ஓடிவிடும், ஜே.சி.பி. விட்டுக் கிளறிக் கிளறி நனைக்க வேண்டும். எத்தனால் தீயோ உச்சி வெயிலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சாதாரண நுரையை அதன் மேல் போட்டால் கரைந்துபோகும். ஆல்கஹாலைத் தாங்கும் நுரைதான் வேண்டும்.

அங்கேதான் கணக்கு இடித்தது. கம்பெனி முதலில் கொடுத்த டிராயிங்கில் தண்ணீர் 4500 லிட்டர், அதில் கலக்கும் நுரைத் திரவம் 500 லிட்டர். நாங்கள் வாங்கும் நுரை பெட்ரோல், டீசலுக்கு 3 சதவீதமும் எத்தனாலுக்கு 6 சதவீதமும் கலக்க வேண்டிய ரகம். வண்டிக்கு மேலே உள்ள மானிட்டர், அதாவது பீரங்கி மாதிரித் திருப்பி அடிக்கும் குழாய், நிமிஷத்துக்கு 1800 லிட்டர் அடிக்கிறது. 6 சதவீதம் என்றால் நிமிஷத்துக்கு 108 லிட்டர் நுரைத் திரவம். 500 லிட்டர் ஐந்து நிமிஷத்துக்குக்கூட வராது. வண்டியிலிருக்கும் தண்ணீரும் எப்படியும் மூன்று நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும், ஆனால் தண்ணீருக்கு டிஸ்டில்லரியைச் சுற்றி ஹைட்ரண்ட், அதாவது ஓஸ் மாட்டித் தண்ணீர் எடுக்கும் குழாய், இருக்கிறது. நுரைக்கு ஏது ஹைட்ரண்ட்? தண்ணீரை 4000 ஆகக் குறைத்து, நுரையை 1000 ஆக்கச் சொன்னோம். அச்சில் ஏறும் எடை கிட்டத்தட்ட அதேதான். கம்பெனிக்காரர்கள் மறுபேச்சில்லாமல் டிராயிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

உயரத்திலும் கறாராக இருந்தோம். எங்கள் ஆலையில் சக்கை யார்டுக்குப் போகும் வழியில் கன்வேயர் ஒன்று ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. ஒரு மூங்கில் கழியை நிறுத்தி அளந்து, மானிட்டரின் மூக்கு அதற்குள் அடங்கியே தீர வேண்டும் என்று டிராயிங்கில் சிவப்பு மையால் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மானிட்டரை மடக்கி இறக்கும் மாதிரி பொருத்தித் தந்திருக்கிறார்கள். கன்வேயருக்கு அடியில் இடிக்காமல் போய் வருகிறது.

பெயின்ட் அடிக்கும் முன்னால் பட்டறைக்கே போய்ப் பார்த்தோம். யார் வாங்கினாலும் இந்தக் கட்டத்தில் நேரில் போய்விடுங்கள், பெயின்ட் அடித்த பிறகு வெல்டிங் எங்கே தெரியப் போகிறது. நான் மேன்ஹோல் வழியே டார்ச்சோடு தண்ணீர் டேங்குக்குள் இறங்கினேன். நாலு டன் தண்ணீர் வளைவில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் வண்டி குப்புறப் போகும், அதைத் தடுக்கத்தான் உள்ளே தடுப்புத் தகடுகள். தகடுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன்: பிசிறே இல்லை, வெல்டிங் கோடு இடையில் எங்கும் அறுபடாமல் போகிறது, கீழ் மூலைகளில் தண்ணீர் முழுக்க வடிய வாய் வெட்டியிருக்கிறார்கள். நுரை டேங்க் எஸ்.எஸ். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய வண்டியின் நுரை டேங்க் சாதா இரும்பு. அடியில் துரு ஓட்டை விழுந்துதான் அதைக் கழித்தோம்.

பம்ப் பின்பக்கம். ஏழு பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 1800 லிட்டர் என்று சொன்னதைப் பட்டறையிலேயே காட்டினார்கள், மீட்டர் முள் ஆடவில்லை. ஆனால் அங்கே உறிஞ்சியது தொட்டியில் தேங்கிய குளிர்ந்த தண்ணீர். எங்கள் ஆலையில் அவசரத்துக்குக் கை கொடுப்பது ஸ்ப்ரே பாண்ட், அதாவது சூடான தண்ணீரைத் தூவி ஆற வைக்கும் குளம். கண்டென்சரிலிருந்து வரும் தண்ணீர், அரவை நேரத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சூடு ஏற ஏறப் பம்பால் உறிஞ்ச முடிகிற ஆழம் குறையும். அதனால் டெலிவரி எடுத்ததும் பாண்ட் ஓரத்தில் வண்டியை நிறுத்தி இன்னொரு முறை சோதித்தோம். உறிஞ்சு குழாயிலுள்ள காற்றை இழுக்கும் பிரைமர் ஓட, வேக்குவம் முள் ஏறி, தண்ணீர் பிடித்தது. சத்தத்தில் மாற்றம் இல்லை, அதிர்வும் இல்லை. சக்கைத் தூசி உறிஞ்சு ஓஸை அடைக்காமலிருக்க ஸ்ட்ரெய்னருக்கு மேல் கூடுதலாகக் கூடை வலை கேட்டிருந்தோம், அதுவும் வந்தது. இந்தப் பம்புக்காக மட்டும் கேட்டால் இதே கம்பெனியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஓஸ்களை இணைக்கும் கப்ளிங்குகள் எல்லாம் 63 மில்லிமீட்டர் இன்ஸ்டன்டேனியஸ், அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் ரகம். 101 அடித்தால் வரும் அரசு வண்டியின் ஓஸும் எங்கள் ஓஸும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இதில் புதுமை ஏதும் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோம்.

இனி லாக்கர் கதை, அதாவது வண்டியின் பக்கங்களில் சாமான் வைக்கும் அறைகளின் கதை. ஸ்பெசிஃபிகேஷனில் கீல் வைத்த கதவு என்றுதான் இருந்தது. வந்ததோ அலுமினிய ரோலிங் ஷட்டர். பார்க்க அழகுதான், ஒரு கையால் சர்ரென்று ஏறும். பட்டறையில் சூப்பர்வைசரைக் கேட்டபோது, “சார், இப்ப எல்லாருக்கும் ஷட்டர்தான் போடுறோம்” என்றார். எல்லாரிடமும் சக்கைத் தூசி இருக்கிறதா? மாவு மாதிரிப் பறக்கும் அந்தத் துகள் ஷட்டர் ஓடும் பள்ளத்தில் போய்ப் படியும், பனி ஈரத்தில் ஊறி இறுகும். சீசன் நடுவில் டிரில் சமயம் இடப்பக்க ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. “அண்ணே, வர மாட்டேங்குது” என்று பையன் தொங்குகிறான், உள்ளே ஓஸ் நுனியில் மாட்டும் பிராஞ்ச் பைப்புகள். இப்போது தினமும் காலையில் பெயின்ட் பிரஷ் வைத்து அந்தப் பள்ளத்தைத் துடைப்பது ஒரு தனி டூட்டி.

லாக்கரின் மேல் தட்டு இன்னொரு தலைவலி. நனைந்த ஓஸ் சுருளை என் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். டிராயிங்கில் இந்த உயரம் தரையிலிருந்து குறிக்கப்படவில்லை, சேசிஸ் மட்டத்திலிருந்து குறித்திருந்தார்கள். காகிதத்தில் நெஞ்சு உயரமாகத் தெரிந்தது. டிராயிங் வந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் தரையிலிருந்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

கேபின் பரவாயில்லை, ஆறு பேர் உட்காரலாம், பின்சீட்டில் கால் நீட்ட இடம் இல்லை. சைரன் காதைப் பிளக்கிறது. மேனேஜ்மென்டுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. பம்ப் பேனலில் லீவர்களுக்குக் கலர் அடித்துத் தந்திருப்பது ராத்திரியில் நிஜமாகவே உதவுகிறது: நுரைக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம். பேனல் விளக்கு மட்டும் நேராகக் கண்ணில் அடிக்கிறது, நாங்களே ஒரு தகடு வளைத்து மறைப்பு வைத்துக்கொண்டோம்.

நுரை கலக்கும் கருவி பற்றி ஒரு வார்த்தை. ஆல்கஹாலைத் தாங்கும் நுரை கெட்டியானது, சாதாரண நுரை ஏறும் குழாயில் இது லேசில் ஏறாது. வாங்கும் நுரையின் டேட்டா ஷீட்டை முன்கூட்டியே கம்பெனிக்கு அனுப்பி, அந்த நுரையை வைத்தே கலப்பு விகிதத்தைச் சோதித்துக் காட்டச் சொன்னோம். காட்டினார்கள், 6 சதவீதம் சரியாக வந்தது.

ஷட்டரைக் கழற்றிவிட்டுக் கீல் கதவு போட்டுத் தருவதாகவும், மேல் தட்டை இறக்கித் தருவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆள் அனுப்புவதாகப் பேச்சு. அந்த வேலை முடிகிற வரை பில்லில் பிடித்து வைத்த பத்து சதவீதத்தை விடக் கூடாது என்று அக்கவுண்ட்ஸில் சொல்லி வைத்திருக்கிறேன்.