பாம்பன் உப்புக்காற்றில் ஒரு செமி ஹாலோ கிட்டாரும் 5 வாட் வால்வு ஆம்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஜோடியை யார் கேட்டாலும் விற்கமாட்டேன். ஆனால் கடலை ஒட்டி வீடு இருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு வாங்கக் கிளம்பினால், கிட்டார் விலை, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) விலையோடு ஒரு ஸ்டெபிலைசர், ஒழுங்கான எர்த், அடிக்கடி புதுக் கம்பி, இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கிட்டார் பழையது, மதுரையில் 26,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆம்ப் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது, அதுவும் ஒருவர் வைத்திருந்ததுதான், 17,500. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் இரண்டுக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம். கிட்டார், 1958இல் கிப்சன் கொண்டுவந்த ஈஎஸ்-335 மாடலைப் பார்த்துச் செய்த பல கிட்டார்களில் ஒன்று. உள்ளே முழுக்கக் கூடாக இருக்கிற கிட்டாரை ஆம்பில் மாட்டிச் சத்தம் கூட்டினால் மேல்பலகை தானாக அதிர்ந்து ஊளையிட ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் நடுவில் நீளவாக்கில் ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டு பக்கத்தையும் மட்டும் கூடாக விட்டார்கள், இதுதான் செமி ஹாலோ. என்னுடையதும் அப்படியே: ஒட்டுப் பலகை மேப்பிள், இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற காந்தச் சுருள்), நாலு நாப், ஒரு சுவிட்ச். ஆம்ப் இன்னும் எளிது. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு ஈஎல்84 என்று இரண்டு வால்வு (ட்ரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழல்), எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், வால்யூம் ஒன்று, டோன் ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வயசானவர்களுக்கு வால்வு புதுசில்லை. தாத்தா வீட்டில் இலங்கை வானொலி கேட்டதே வால்வு ரேடியோவில்தான், போட்டதும் பாடாது, சூடாகிற வரை காத்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்வார். ராமநாதபுரத்தில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனபோது, பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "அட, ஈஎல்84! இதை எத்தனை ரேடியோவுல மாத்திப் போட்டிருக்கேன் தெரியுமா தம்பி" என்றார். 12ஏஎக்ஸ்7 என்றால் அவருக்குப் புரியவில்லை, ஈசிசி83 என்றதும் புரிந்தது. இரண்டும் ஒரே வால்வு, அமெரிக்காவில் ஒரு பெயர், ஐரோப்பாவில் ஒரு பெயர்.

சரி, சத்தத்துக்கு வருவோம். வால்யூமைக் கால்வாசி திறந்தால் சுத்தமான, கொஞ்சம் மரவாசனை அடிக்கிற மாதிரியான ஒலி (வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை). கம்பியைத் தட்டியதும் 'டொக்' என்று ஒரு காற்று வெளியே வருகிறது, உள்ளே கூடில்லாத கட்டை உடம்பு கிட்டாரில் அது வராது. பாதியைத் தாண்டினால் வால்வு தன் எல்லையைத் தொடுகிறது. ஒலி அலையின் உச்சியை ட்ரான்சிஸ்டர் மாதிரி ஒரே வெட்டாக வெட்டாமல் மெல்ல மெல்ல மழுக்குகிறது, அதனால்தான் அந்தக் கரகரப்பு காதைக் குத்துவதில்லை. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஆம்பை முக்கால்வாசியில் வைத்துவிட்டு அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். கிட்டாரின் வால்யூம் 5இல் இருந்தால் சாந்தமாகப் பேசும், 10இல் உறுமும், நடுவில் விரலால் மெதுவாக மீட்டினால் சுத்தம், பிக் என்கிற சின்னத் தகட்டால் அழுத்தினால் கரகரப்பு. ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் மூன்று வாங்கி வைத்திருந்தேன், இரண்டை விற்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் அமைதியான வடகடலைப் பெண் கடல், அலையடிக்கிற தென்கடலை ஆண் கடல் என்பார்கள். கழுத்துப் பக்கத்து பிக்கப் வடகடல், பிரிட்ஜ் பக்கத்தது தென்கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கழுத்துப் பிக்கப்பில்தான் பொருத்தம் இடிக்கிறது. ஹம்பக்கரின் கனத்த பேஸை எட்டு இஞ்ச் ஸ்பீக்கரால் தாங்க முடியவில்லை, ஆம்பை ஏற்றி வைத்துக் தடித்த கம்பிகளில் கார்ட் (பல சுரம் சேர்ந்த ஒலி) பிடித்தால் களி கிண்டின மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வாரம் ஆம்பைத் திட்டினேன். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து பிக்கப்பின் பேஸ் பக்கத்தை மட்டும் இரண்டு சுற்று கீழே இறக்கினேன், பாதிப் பிரச்சினை போயிற்று. மீதிப் பாதிக்கு முழு கார்டை விட்டுவிட்டு மெல்லிய நாலு கம்பியில் மட்டும் வாசிக்கப் பழகிக்கொண்டேன். பத்து இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள ஆம்ப் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

5 வாட் என்றால் பொம்மை என்று நினைக்காதீர்கள். 50 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் 10 டெசிபல்தான் வித்தியாசம், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும், பத்து மடங்காக இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் முக்கால்வாசியில் வைத்தால் பக்கத்து வீட்டு மதினி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும். அதே ஆம்ப் கோவிலில் பாடகர் குழுவுக்கு நடுவில், கீபோர்டும் டிரம் பேடும் சேர்ந்துகொண்டால், காணாமல் போய்விடுகிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து மிக்சருக்குக் கொடுத்துவிடுகிறோம், பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, வீட்டில் ஆம்புக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் அந்தக் கூடு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்து, சுரம் சாகாமல் நீண்டுகொண்டே போகிறது. இவ்வளவு சின்னச் சத்தத்தில் கட்டை கிட்டாரில் இதை வரவழைக்க என்னால் முடிந்ததில்லை.

இனி அழுகை. கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கிற மாதங்களில் சாதாரணக் கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடித்தது. பூச்சுப் போட்ட கம்பி விலை கூடுதல்தான், இரண்டு மாதம் வருகிறது. செமி ஹாலோவில் கூடுதல் தொல்லை, எஃப் வடிவத் துளை வழியே உப்புக்காற்று நேராக உள்ளே இருக்கிற நாப், வயர், ஜாக் எல்லாவற்றையும் தொடுகிறது. எட்டாவது மாதம் வால்யூமைத் திருகினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பின்பக்கம் மூடி இருந்தால் திறந்து துடைத்துவிடலாம், இதில் மூடியே கிடையாது, எல்லாவற்றையும் அந்தத் துளை வழியாகவே வெளியே இழுத்து, அதே வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு நாப்பின் தண்டிலும் நூல் கட்டிவிட வேண்டும், அப்போதுதான் திரும்ப அதன் ஓட்டைக்கு இழுக்க முடியும். நூல் இரண்டு முறை அறுந்தது. மச்சான் வலை பின்னிக்கொண்டிருந்தவர், தங்கூசியை (வலைக்கான நைலான் நரம்பு) ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

கரண்ட் விஷயம் இதைவிட முக்கியம். சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் 190க்கு இறங்கும், வால்வு மங்கலாக எரியும், சத்தம் தொய்ந்துவிடும். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற ஸ்டெபிலைசரே போதும். சாதா இன்வெர்ட்டரில் போடாதீர்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் 'ர்ர்ர்' என்று கத்தும், சூடும் ஏறும். ஹம்பக்கர் பிக்கப் தன் இரண்டு சுருளையும் எதிரெதிராக வைத்து கரண்டிலிருந்து வருகிற 'ஹம்' என்கிற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்டிவிடுகிறது, அதற்குத்தான் அந்தப் பெயரே. ஆனாலும் எனக்கு இரைச்சல் இருந்தது. பார்த்தால் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, அதன் பின்னால் ஒயரே இல்லை. ஒரு திருவிழா மேடையில் இதே கதைதான், கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு, சுரீர் என்று ஒரு அடி. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் புதிதாகக் குழி தோண்டி காப்பர் ராடு இறக்கினோம். குழிக்குக் கரிதான் வாங்கினோம், உப்புக்கு இங்கே தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது.

அப்புறம், ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பைப் போடவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்மூடியையும் நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிர்போகிற அளவு வோல்டேஜ் நிற்கலாம்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் கிடந்த 61 நாளும் மச்சான் தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து கேட்டார். கடைசி வாரம் மெதுவாக, "மாப்பிள்ளை, இவ்வளவு காசு போட்டிருக்கியே, இதுல ப்ளூடூத் இருக்கா?" என்றார்.

இல்லை. ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டையும் இல்லை, எதிரொலி தருகிற ரிவெர்பும் இல்லை.