பச்சை எலுமிச்சை ஸ்குவீசர்: ஒரு கார்னே அசாடா பிரியனின் புலம்பல்

பச்சைப் பெயின்ட் அடித்த அந்த மெக்சிகன் அலுமினிய ஸ்குவீசர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று பீனிக்ஸில் இருக்கும் நண்பன் கேட்டான். வேண்டாம்டா என்றேன். "நீ அதை வச்சுத்தானே கார்னே அசாடா போடுறே?" என்றான். ஆமாம், தணலில் சுடும் அந்த மெக்சிகன் மாட்டிறைச்சிக்கு எலுமிச்சை பிழிவது அதை வைத்துத்தான். இரண்டும் எப்படிச் சேரும் என்பதை மெசேஜில் சொல்லி முடியாது, அதனால் இங்கே.

கருவியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். துளை போட்ட குழியில் பாதிப் பழத்தை வைத்து, மேல்கைப்பிடியில் இருக்கும் குமிழால் அழுத்துவதுதான் இதன் வேலை. வெட்டிய பக்கம் துளைகளைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். குழியின் வடிவத்தைப் பார்த்தால் பழத்தின் முதுகுதான் கீழே போக வேண்டும் என்று தோன்றும். அப்படி வைத்தால் சாறு சட்டைக்குப் போகும். சரியாக வைத்தால் மேலிருந்து இறங்கும் குமிழ் பழத்தை உள்வெளியாகப் புரட்டிவிடும், விதை உள்ளேயே தங்கும்.

நான் மயங்கியது இந்தப் புரட்டலில்தான். பழம் புரளும்போது தோலும் நசுங்கி, அதிலிருக்கும் எண்ணெய் கொஞ்சம் சாற்றோடு இறங்குகிறது. கண்ணாடிக் கூம்பில் திருகிப் பிழிந்தால் புளிப்பு கிடைக்கும், இந்த வாசனை அவ்வளவாகக் கிடைக்காது. கார்னே அசாடாவுக்கு எனக்கு வேண்டியது பாதி புளிப்பு, பாதி இந்த வாசனை. ஆனால் கடைசிச் சொட்டுவரை நெரிக்காதீர்கள், கசந்துவிடும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசானில். மெக்சிகோவின் சொனோரா மாநில எல்லை நூறு கிலோமீட்டர் சொச்சம். எதிர்வீட்டுப் பெரியவர் சொனோராவின் தலைநகரான எர்மோசியோக்காரர், அவருக்கு இந்த எலுமிச்சை விவகாரமே பிடிக்காது. நல்ல இறைச்சி, கல் உப்பு, மெஸ்கீட் கரி, அவ்வளவுதான் என்பார். சொனோராவில் பலரும் அப்படித்தான் சுடுகிறார்கள். எலுமிச்சையைச் சாப்பிடும்போது மேலே பிழிந்துகொள்வதோடு சரி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் வாங்கும் இறைச்சியின் விலையும் இருக்கிறது. நான் வாங்குவது ஸ்கர்ட் ஸ்டேக், மாட்டின் வயிற்றுப்பக்கத் தசை, ஸ்பானிஷில் அர்ரச்சேரா. நீளநீளமாக நார் ஓடும், சுவை அதிகம், மென்மை கம்மி. அதற்கு ஊறல் கை கொடுக்கும். (மெஸ்கீட் என்றதும் ஏதோ அயல்நாட்டு மரம் என்று நினைக்க வேண்டாம். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவுதான். ராமநாதபுரத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்களே, அதன் பங்காளி.)

ஒரு கிலோ ஸ்கர்ட்டுக்கு நான் போடுவது: எலுமிச்சைச் சாறு கால் கப், ஆரஞ்சுச் சாறு அரை கப், எண்ணெய் கால் கப், நசுக்கிய பூண்டு ஐந்து பல், ஒரு ஹலப்பேன்யோ மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகத்தூள், உப்பு, ஒரு கை நிறையப் பொடியாக நறுக்கிய கொத்தமல்லித்தழை. ஆரஞ்சு சும்மா ஆடம்பரத்துக்கு அல்ல. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2-ஐ ஒட்டி இருக்கும், ஆரஞ்சு 3.5 பக்கம். அது புளிப்பைத் தணிக்கிறது, அதிலிருக்கும் சர்க்கரை மேலே நல்ல நிறமும் தருகிறது.

இரண்டு மணி நேரம் ஊறினால் போதும், நான்கைத் தாண்டவே கூடாது. ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். புளிப்பு இறைச்சிக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. நேரம் கூடக்கூட மேல்பகுதிதான் வெளுத்து மாவாகும், உள்ளே அப்படியே இருக்கும். ஆழமாகப் போவது உப்புதான். மெல்லாமல் விழுங்கும் அளவு மென்மை வேண்டுமென்றால் அது கத்தியின் வேலை: நாருக்குக் குறுக்கே, மெல்லிசாக. கிரில்லில் போடும் முன் பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள், ஈரத்தோடு போட்டால் வெந்துதான் போகும், சுடாது. நல்ல தணலில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம் தொடாமல் வைத்திருங்கள்.

சரி, இப்போது பெயின்ட்.

முதலில் குழியின் விளிம்பில் ஒரு புள்ளி உரிந்தது. அப்புறம் துளைகளைச் சுற்றி. இப்போது குழியில் பாதி சாம்பல் நிற அலுமினியம்தான். உரிந்ததெல்லாம் எங்கே போனது? சாற்றில். சாறு எங்கே போகிறது? பச்சைக் கொத்தமல்லி மிதக்கும் பாத்திரத்தில். பச்சைச் செதிலை நறுக்கிய கொத்தமல்லிக்கு நடுவே தேடிப் பார்த்தவனுக்குத்தான் என் கோபம் புரியும். விரலில் எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். மசிந்தால் இலை, மசியாவிட்டால் பெயின்ட். விற்றவர்களுக்கு எழுதினேன். டிஷ்வாஷரில் போட்டீர்களா என்று கேட்டார்கள். ஒருமுறைகூடப் போட்டதில்லை, கையால்தான் கழுவுகிறேன் என்றேன். அமிலத்தன்மை உள்ள பொருள்கள் நீண்ட நேரம் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று பதில். எலுமிச்சை பிழியச் செய்த சாமானுக்கு எலுமிச்சை ஆகாதாம்!

நியாயமாகச் சொன்னால் பெயின்ட் இல்லாமலும் முடியாது. வெறும் அலுமினியத்தில் புளிப்பு பட்டுக்கொண்டே இருந்தால் சாற்றில் உலோகச் சுவை ஏறும். கீல் இன்றுவரை ஆடவில்லை, கைப்பிடி வளையவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்றைத் தெரிந்தவர் வீட்டில் பிழிந்து பார்த்தேன். உரிய எதுவும் இல்லை, ஆனால் அதன் குமிழ் ஆழமாக இறங்கவில்லை. பழம் நசுங்கியதே தவிர புரளவில்லை, வாசனையும் பாதிதான். இப்போதைக்குச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் பிழிந்து, வடிகட்டிய பிறகே கொத்தமல்லியோடு சேர்க்கிறேன். ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பெயின்ட் தின்ன யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு: பச்சை நிறத்தை விடுங்கள். அதன் குழி சின்ன மெக்சிகன் எலுமிச்சைக்கு, அதாவது நம்மூர் எலுமிச்சை சைஸுக்கு. இங்கே கடைகளில் குவிந்திருப்பது விதையில்லாத பெரிய பெர்ஷியன் எலுமிச்சை. அதைப் பச்சையில் திணித்தால் ஓரத்தில் பீய்ச்சும். மஞ்சளுக்குக் குழி பெரிசு. உரிந்தாலும் கொத்தமல்லிக்கு நடுவே பளிச்சென்று தெரியும். நேற்று ராத்திரி ஒன்று ஆர்டர் போட்டேன், அதுவும் விலை இறங்கித்தான் இருக்கிறது.