கொல்லைப்புறத்தில் ஆறு அங்குல டெலஸ்கோப்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, 150 மி.மீ. (ஏறத்தாழ ஆறு அங்குல) விட்டமும் 1200 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட டாப்சோனியன், அதாவது கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும், பலகைத் தாங்கியில் வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் டெலஸ்கோப். இன்னொன்று, 80 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத்தொலைவும் உள்ள சின்ன லென்ஸ் டெலஸ்கோப். இரண்டையும் பல வருடங்களாகப் பெரும்பாலும் வீட்டின் கொல்லைப்புறத்தில் வைத்தே பயன்படுத்தி வருகிறேன். சுற்றிலும் வீடுகள், சுவருக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கு. பால்வீதி வெறுங்கண்ணுக்குத் தெரியாத வானம்.

வாங்கிய புதிதில் எழுதப்படும் மதிப்புரைகளில் சனியின் வளையமும் வியாழனின் நான்கு நிலாக்களும் தவறாமல் வரும். அவை எந்த டெலஸ்கோப்பிலும் தெரியும். ஒரு கருவி எப்படிப்பட்டது என்பது அது திணறும் இடத்தில்தான் தெரிகிறது. அதனால் இங்கே கடினமான இலக்குகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கொல்லைப்புறத்தில் தோற்றுப்போகும் முயற்சிகளில் பாதிக்கு மேல் கண்ணாடியின் விட்டத்தால் தோற்பதில்லை. அந்த இரவுக்குப் பொருந்தாத இலக்கைத் தேர்ந்தெடுப்பதால்தான் தோற்கின்றன. பிரகாசமான ஒன்றின் பக்கத்தில் மறைந்திருப்பது ஒரு வகைச் சிரமம். மிகச் சிறியதாக இருப்பது இன்னொன்று. மங்கலாகப் பரந்து கிடப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் காற்று அசையாமல் இருக்க வேண்டும், மூன்றாவதற்கு வானம் துப்புரவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இரவில் அமைவது அபூர்வம்.

மழை பெய்து ஓய்ந்த இரவில் வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். ஆனால் நட்சத்திரங்கள் துடிக்கும். அன்றைக்கு 200 மடங்கு உருப்பெருக்கம் வைத்தால் வியாழன் கொதிக்கும். லேசான மூட்டத்தோடு, காற்றே இல்லாமல் புழுங்கும் இரவில் மங்கலான எதுவும் தெரியாது. ஆனால் அன்றுதான் இரட்டை நட்சத்திரங்கள் கல்லில் பொறித்த மாதிரி நிற்கும். இப்போதெல்லாம் வெளியே வந்ததும் நான் செய்வது ஒன்றுதான்: தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரங்களைப் பார்ப்பேன். அவை மின்னினால் 80 மி.மீ. கருவியும் குறைந்த உருப்பெருக்கமும். மின்னாமல் நின்றால் பெரியது.

இரட்டை நட்சத்திரங்களோடு ஆரம்பிக்கிறேன். தெருவிளக்கால் இவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 116-ஐ அதால் வகுத்தால், அந்தக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய இடைவெளி ஆர்க்செகண்டில் கிடைக்கும். டாஸ் வரம்பு என்பார்கள். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட். 150 மி.மீ.க்கு 0.77, 80 மி.மீ.க்கு 1.45. லைரா விண்மீன் தொகுதியில் இருக்கும் எப்சிலான், ‘இரட்டைக்குள் இரட்டை’ என்று பெயர் வாங்கியது. அதில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டே கால் ஆர்க்செகண்ட் அளவில்தான் விலகியிருக்கும். 80 மி.மீ.யில் 100 மடங்கைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் நீளவாக்கில் இழுபடும், அமைதியான நொடிகளில் இரண்டாகும். 150 மி.மீ.யில் நடுவே கறுப்புக் கோடு தெளிவாக விழும். கணக்கும் கண்ணும் ஒத்துப்போவதை இங்கே பார்க்கலாம்.

இரண்டும் சமப் பிரகாசமாக இல்லாவிட்டால் அந்தக் கணக்கு உதவாது. ஓரியன் தொகுதியின் பிரகாசமான நட்சத்திரம் ரீகல். அதன் துணை நட்சத்திரம் ஒன்பதரை ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கிறது. தாராளமான தூரம்தான். ஆனால் ரீகல் அதைவிட ஏறக்குறைய 500 மடங்கு பிரகாசம். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) முதலில் ரீகல் மட்டும்தான் இருக்கும். கண் பழகப் பழக, பக்கத்தில் ஒரு பொட்டு எழும். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸின் துணையைத் தேடப் போகிறவர்கள் இங்கே பயிற்சி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

அந்தத் துணையின் பெயர் சிரியஸ் பி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் தள்ளாடுவதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத துணை இருக்கிறது என்று 1844-ல் வானியலாளர் பெசல் சொன்னார். 1862 ஜனவரி 31 அன்று லென்ஸ் தயாரிப்பாளர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிதாகச் செய்த 18.5 அங்குல லென்ஸைச் சோதித்துப் பார்க்கும்போது அதைக் கண்டார். ஒரு சுற்று சுற்றிவர 50 வருடம் ஆகும். இப்போது அது சிரியஸிலிருந்து அதிகபட்சமாக, 11 ஆர்க்செகண்ட் அளவில் விலகியிருக்கும் காலம். இனி மெல்ல நெருங்கத் தொடங்கிவிடும். முயற்சி செய்ய நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால் பிரகாச வித்தியாசம் பத்தாயிரம் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. டாப்சோனியனில் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் நான்கு தகடுகள் சிரியஸைச் சுற்றி நான்கு கதிர்க்கோடுகளைப் போட்டுவிடும். துணை அந்தக் கோட்டின் மேல் விழுந்தால் கதை முடிந்தது. அட்டையில் அறுகோணத் துளை வெட்டிக் குழாயின் வாயில் வைத்தால் ஒளி ஆறு கோடுகளாக ஒதுங்கும். அட்டையைத் திருப்பித் திருப்பி, துணை இருக்கும் திசையை இரண்டு கோடுகளுக்கு நடுவே கொண்டுவரலாம். செலவே இல்லாத இந்த அட்டை, நான் காசு கொடுத்து வாங்கிய சில துணைக்கருவிகளைவிட அதிகம் பயன்பட்டிருக்கிறது.

இன்னொரு வழி, சிரியஸைப் பார்வைப் புலத்தின் (ஐபீஸில் தெரியும் வான வட்டத்தின்) விளிம்பைத் தாண்டி நழுவவிடுவது. துணை இப்போது கிழக்குப் பக்கம் சற்று வடக்கே சாய்ந்து இருப்பதால், சிரியஸ் மறைந்த பிறகு அது பின்னாலேயே வரும். கண்கூசும் ஒளி மறைந்து துணை மட்டும் புலத்தில் நிற்கும் நேரம் ஒரு விநாடிகூட இல்லை. அந்த இமைப்பொழுதில் ஒரு வெண்புள்ளி தெரிய வேண்டும். மறுபடி மறுபடி நழுவவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே புள்ளி வந்தால்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன். சில குளிர்காலங்கள் முழுக்க ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் சிரியஸ் உச்சத்துக்கு அருகே வந்து, காற்று முற்றிலும் அடங்கிய இரவுகளில்தான்.

கேட்டை நட்சத்திரம் வேறு ரகம். துணை இரண்டரை ஆர்க்செகண்டுக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1819-ல் நிலா கேட்டையை மறைத்தபோதுதான் அது முதலில் கண்ணில் பட்டது. பிரகாசமானது ஒளிந்துகொள்ள, சின்னது கொஞ்ச நேரம் தனியாக நின்றிருக்கிறது. கொல்லைப்புறத்தில் இதற்கு ஒரு சுலபமான உபாயம், இருட்டும் வரை காத்திருக்காமல் அந்தி வெளிச்சத்திலேயே பார்ப்பது. பின்னணி வானம் வெளிச்சமாக இருக்கும்போது கேட்டையின் ஒளி கண்ணைக் கூசவைப்பது குறைகிறது. துணை பச்சையாகத் தெரியும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. உண்மையில் அது நீல வெள்ளை, சிவப்பின் பக்கத்தில் இருப்பதால் கண் செய்யும் மாயம்.

அப்புறம் மங்கலானவை. கொல்லைப்புற வானம் நம்மைக் கைவிடும் இடம் இதுதான். எம்33 விண்மீன்திரளின் (கேலக்ஸியின்; எம் என்பது மெசியர் பட்டியல் எண்) மொத்தப் பிரகாசம் 5.7 மேக்னிட்யூட் என்று போட்டிருக்கும். மேக்னிட்யூட் என்பது எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் அளவுகோல். படித்தால் சுலபம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஒளி ஒரு டிகிரிக்கும் மேல் பரவிக் கிடக்கிறது. 150 மி.மீ.யில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் தெரியும் வானத்தின் அகலமே ஏறக்குறைய ஒரு டிகிரிதான். திரள் புலம் முழுக்க நிறைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று வானம் மிஞ்சாது. அதனால் எதுவும் இல்லாதது போலவே இருக்கும். அதே ஐபீஸை 80 மி.மீ.யில் போட்டால் 16 மடங்கு, மூன்று டிகிரி புலம். நடுவில் லேசாக வெளுத்த ஒரு திட்டு தெரியும். டெலஸ்கோப்பை மெதுவாகத் தட்டினால் அசைவில் அது இன்னும் தெளிவாகும். சின்னக் கருவி பெரியதை வெல்லும் இடங்கள் சில உண்டு. இது அதில் ஒன்று.

விந்தை என்னவென்றால் எம்33-க்குள் இருக்கும் என்ஜிசி 604 என்ற வாயுமேகம் திரளைவிடச் சுலபம். சின்னதாகத் திரண்டிருப்பதால் 120 மடங்கில் 150 மி.மீ. அதைத் தனிப் புகைப்புள்ளியாகக் காட்டுகிறது. திரளைத் தேடித் தோற்ற இரவில்கூட அதன் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு வரலாம்!

இந்த வகைக்கு ஓரப்பார்வை பழக வேண்டும். விழித்திரையின் மையத்தில் இருக்கும் கூம்பு செல்களுக்கு மங்கலான ஒளி எட்டாது. சுற்றியுள்ள குச்சி செல்களுக்கு எட்டும். பொருளை நேராகப் பார்க்காமல், அது மூக்குப் பக்கமாக இருக்கும்படி பார்வையைக் கொஞ்சம் விலக்க வேண்டும். காதுப் பக்கம் வைத்தால் குருட்டுப்புள்ளியில் விழக்கூடும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். செல்போன் திரையை ஒரு தடவை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொள்வது தெருவிளக்குக்கு எதிராக நான் கண்ட சிறந்த ஆயுதம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பதை விட்டுவிடலாம்.

வடிகட்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. ஓ-3 வடிகட்டி 496, 501 நானோமீட்டர் அருகே வரும் இரண்டு ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விட்டு மற்றதை அடைக்கும். ஆந்தை நெபுலா என்னும் எம்97 வாயுமேகம் அது இல்லாமல் என் வானத்தில் வெறும் சந்தேகம். போட்டதும் வட்டமாக, சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். ஆந்தையின் கண்கள் மட்டும் இதுவரை தெரியவில்லை. விண்மீன்திரள்களுக்கு இந்த வடிகட்டியால் எந்தப் பயனும் இல்லை. அவற்றின் ஒளி நட்சத்திரங்களின் ஒளி, எல்லா அலைநீளங்களிலும் பரவியது. எல்ஈடி தெருவிளக்கும் அப்படியே. எம்101, எம்74 ஆகிய இரண்டு விண்மீன்திரள்களையும் கொல்லைப்புறப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். எம்51 விண்மீன்திரளின் இரண்டு மையங்கள் தெரியும், சுருள் கைகள் தெரியாது. 1845-ல் அந்தச் சுருளை முதலில் கண்ட ராஸ் பிரபு பயன்படுத்தியது 72 அங்குலக் கண்ணாடி.

3சி 273 என்ற குவாசர் (வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன்திரளின் மிகப் பிரகாசமான மையம்) கன்னி ராசியில் இருக்கிறது. 12.9 மேக்னிட்யூட், பார்ப்பதற்குச் சாதாரண நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. தூரம் 200 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல். கொல்லையில் தெருவிளக்கு பழுதாகி அணைந்திருந்த நாட்களில்கூட அது உறுதியாகத் தெரிந்ததில்லை. டாப்சோனியனை இருண்ட இடத்துக்குக் கொண்டுபோனபோது 120 மடங்கில், ஓரப்பார்வையில், விட்டுவிட்டுத் தெரிந்தது. இதற்கு விரிவான வரைபடம் அவசியம். பக்கத்து நட்சத்திரங்களை முதலில் தாளில் வரைந்துகொண்டு பிறகு வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் நம்பலாம். வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால் கண் இல்லாததையும் காட்டும்.

கோள்களில் யுரேனஸும் நெப்டியூனும் கொல்லைப்புறக்காரர்களுக்கு நல்ல தேர்வுகள். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து, 6.2 அங்குலக் கண்ணாடியில்தான் பார்த்தார். என்னுடையதும் ஏறத்தாழ அதே அளவு என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. 200 மடங்கில் யுரேனஸ் இளம்பச்சை வட்டமாகத் தெளிவாக நிற்கும். நெப்டியூனின் வட்டு 2.3 ஆர்க்செகண்ட்தான். பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால்தான் இது புள்ளி இல்லை என்பது புரியும். கலிலியோ 1612-லும் 1613-லும் அதைப் பார்த்து நட்சத்திரம் என்றே குறித்து வைத்தார். அவர் கருவியில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது.

நிலாவில் பிளேட்டோ பள்ளத்தின் தரையில் இருக்கும் குட்டிப் பள்ளங்கள் 150 மி.மீ.க்குச் சரியான சோதனை. பெரியவை இரண்டரை கிலோமீட்டர் அளவு. அவை பள்ளமாகத் தெரிவதைவிட வெண்புள்ளிகளாகத் தெரிவதே அதிகம். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு எந்தக் கருவியிலும் தெரியும். அதன் நடுவே ஓடும் மெல்லிய வாய்க்கால் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, கருவிகளின் பொதுவான நிலை. கூடவே வந்த 25 மி.மீ. ஐபீஸ் இன்றும் உழைக்கிறது. கூட வந்த 10 மி.மீ.யில் கண்ணை ஒட்டி வைக்க வேண்டியிருந்ததால் மாற்றிவிட்டேன். 6 மி.மீ. அகலப்புல ஐபீஸ் வாங்கியது பெரிய வித்தியாசம். கையால் தள்ளும் தாங்கியில் 200 மடங்கு வைத்தால் பொருள் ஒன்றேகால் நிமிடத்தில் புலத்தைக் கடந்துவிடும். புலம் அகலமாக இருந்தால்தான் தள்ளிவிட்டு அதிர்வு அடங்கும் வரை காத்திருக்க அவகாசம் கிடைக்கும். கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர முக்கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். சிமெண்ட் தரையைவிட மண் தரை நல்லது, பகலில் வாங்கிய சூட்டை சிமெண்ட் நள்ளிரவு வரை விடாது. குவியத்தொலைவு விட்டத்தைப் போல் எட்டு மடங்கு என்பதால் (எஃப்/8 என்பார்கள்) கண்ணாடிகளின் ஒழுங்கு எளிதில் கலைவதில்லை. முதன்மைக் கண்ணாடியில் தூசு இருக்கத்தான் செய்கிறது. அதற்காக அடிக்கடி கழுவ வேண்டியதில்லை. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி மட்டும் முதல் நாளே வாங்க வேண்டியது. உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரிவது, குனிந்து நிற்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

200 மி.மீ.க்கு மாறலாமா என்று யோசித்ததுண்டு. ஒளி முக்கால் பங்குக்கு மேல் கூடும்தான். ஆனால் வானத்தின் வெளிச்சமும் அதே அளவு கூடும் என்பதால் எம்101 கொல்லையில் அப்போதும் தெரியாது. தூக்க வேண்டிய எடையும் கூடும். இப்போதைக்கு இதுவே போதும். பழைய 150 மி.மீ. டாப்சோனியன் வாங்குகிறவர்கள் கண்ணாடியின் பூச்சை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அடித்தளப் பலகை ஈரத்தில் உப்பியிருக்கிறதா, 200 மடங்கில் தள்ளும்போது சீராக நகர்கிறதா, ஐபீஸை முன்பின் நகர்த்திக் காட்சியைத் தெளிவாக்கும் ஃபோகசரில் ஆட்டம் இருக்கிறதா என்பதை ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.